கொல்லிமலையில் சைக்கிள்: எழுபது வளைவை முதலில் மறந்துவிடுங்கள்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எழுபது வளைவையும் மிதிச்சே ஏறிடுவீங்களா?" புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர்களும் அதையே பெரிய பரீட்சையாக நினைத்துக்கொண்டு காரவள்ளி அடிவாரத்தில் வந்து நிற்கிறார்கள், பாதி வழியிலேயே தொடை பிடித்துக்கொள்கிறது, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்து லாட்ஜில் விழுந்து தூங்கிவிட்டு மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள அந்த மலைச்சாலை முழுக்கத் தார். அதில் ஏற மவுண்டன் பைக்கே வேண்டாம், மெல்லிய டயர் உள்ள ரோடு பைக்கில் இன்னும் சுலபமாக ஏறலாம். மவுண்டன் பைக்குக்கு வேலை இருப்பது மேலே, ஊருக்கும் ஊருக்கும் நடுவே காபித் தோட்டத்தை ஒட்டிப் போகும் மண்பாதைகளில். அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகத்தான் போகும். முதலில் சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டு போங்கள். இரண்டு நாள் மேலேயே ஓட்டுங்கள். இறங்கும்போது வளைவுகளைப் பழகுங்கள். மிதித்து ஏறுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

மலையைப் பற்றி ரெண்டு வரி. நாமக்கல் மாவட்டம், கிழக்குத் தொடர்ச்சி மலை, உயரம் சுமார் 1000 முதல் 1300 மீட்டர். மேலே போனதும் சமவெளி மாதிரி ஒரு பரப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. வளப்பூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடுநாடாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன ஊர்கள். ஒரு ஊரிலிருந்து கிளம்பினால் ஓடை வரை இறக்கம், ஓடையைத் தாண்டினால் அடுத்த ஊர் வரை ஏற்றம், அவ்வளவுதான் கதை. வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் என்று காட்டுவதைப் பார்த்து அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மதியச் சாப்பாடு போய்விடும்.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள சாதாரண மவுண்டன் பைக் போதும், பின்பக்க ஷாக் இந்த மலைக்கு வீண் எடை என்பது என் அபிப்பிராயம். ஆனால் மூன்று விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

முதலாவது பிரேக். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருக்கட்டும். ஹைட்ராலிக் என்றால் நல்லது, கேபிள் வைத்தது என்றாலும் பரவாயில்லை, ஆனால் கேபிள் புதிதாகவும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தடிமனாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது கியர். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் குறைந்தது 42 பல்லாவது இருந்தால் முழங்கால் தப்பிக்கும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள பழைய வண்டி என்றால் அதில் சின்னதற்குச் செயின் ஒழுங்காக இறங்குகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சமதளத்தில் ஓட்டுகிறவர்கள் அதை வருடக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது டயர். 2.1 அங்குலத்துக்குக் குறையாத அகலம், டயரின் மேல் பிடிப்புக்காக இருக்கும் கட்டைகள் தேயாமல் இருக்க வேண்டும்.

காற்றை எல்லோரும் கல்லு மாதிரி அடித்துக்கொண்டு வருகிறார்கள். கடைக்காரர் 50, 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துக் கொடுத்திருப்பார். அந்த அழுத்தத்தில் மண்பாதையில் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பிடிப்பே இருக்காது. டியூப் உள்ள டயரில் 70 கிலோ எடை உள்ள ஒருவருக்கு மேலே 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக இரண்டு ஓட்டை விழும்.

சீட் உயரம்: சைக்கிளில் உட்கார்ந்து, பெடலை அடியில் வைத்து, குதிகாலை அதன்மேல் ஊன்றினால் கால் நேராக நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மாலையில் முழங்கால் வலிக்கிறது என்பார்கள். செம்மேட்டிலும் அருவிப் பக்கமும் கடைக்குக் கடை முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். மிளகு தூக்கலாக, சூடாக நன்றாகவே இருக்கும், குடியுங்கள். ஆனால் அந்த வலிக்கு மருந்து சீட்டை உயர்த்துவதுதான்.

பையில் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், அல்லன் கீ செட், செயின் அறுந்தால் இணைக்க ஒரு இணைப்புக் கண்ணி. மேலே பஞ்சர் கடை கிடைத்தாலும் பைக்குக்கும் காருக்கும்தான் பார்ப்பார்கள், 29 அங்குல சைக்கிள் டியூப்பை அங்கே தேட வேண்டாம். கையுறை கட்டாயம். மண்பாதையில் விழுந்தால் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

மலைக்கு முன்னால் ஏரிக்கரை

நேராக மலைக்கு வராதீர்கள். உங்கள் ஊரில் ஏதாவது ஒரு ஏரிக்கரை இருக்கும், கருவேலமுள் அதிகம் இல்லாத கரையாகப் பார்த்து நாலைந்து வாரம் காலையில் அங்கே ஓட்டுங்கள். பழக வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். கரையிலிருந்து இறங்கும் சரிவில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறங்குவது. அதே சரிவில் ஏறும்போது உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து மிதிப்பது (எழுந்து மிதித்தால் மண்ணில் பின்சக்கரம் சும்மா சுற்றும்). ஒரே விரலால் பிரேக் பிடிப்பது. அப்புறம், ஏற்றம் வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைப்பது. ஏற்றத்தின் நடுவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் 'கடக்' என்று ஒரு சத்தம் போடும், நாலு தடவை அப்படிக் கேட்டால் ஐந்தாவது தடவை அறுந்துவிடும்.

எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், காலை குளிரும், மதியமும் தாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதைத் தவிர்த்துவிடுங்கள். செம்மண் நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஊருக்குள் போட்ட சிமெண்ட் சாலையில் பாசி பிடித்திருக்கும், அதில் பிரேக் தொட்டால் போதும், கீழேதான். பல பேர் மண்பாதையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மழைக்காலத்தில் விழ வைப்பது இந்தச் சிமெண்ட்தான். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் ஓட்டிவிட்டு மதியத்துக்கு மேல் அறைக்குள் இருங்கள், இடியோடு மழை எந்த நேரமும் வரும்.

ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள், ஆனால் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் செம்மேட்டில் நடக்கவே இடம் இருக்காது. சாதாரண வாரங்களிலும் சனி, ஞாயிறைவிட செவ்வாய், புதன் எவ்வளவோ மேல்.

மேலே கொண்டு போவது

நாலு பேராகச் சேர்ந்தால் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பேசிக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. நாமக்கல்லிலிருந்து செம்மேடு வரை சுமார் 55 கிலோமீட்டர். சைக்கிள்களை நிறுத்தி வைத்தபடி கயிறு கட்டுங்கள், படுக்கப் போட்டால் வளைவுக்கு வளைவு ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்து டிஸ்க் வளைந்துவிடும். நடுவே பழைய போர்வை அல்லது சாக்கு வைத்தால் பெயிண்டும் தப்பிக்கும். தனியாளாக இருந்தால் பேருந்தும் உண்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கண்டக்டரிடம் கேளுங்கள், முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சில்லறை தயாராக இருக்கட்டும்.

வளைவு முடிந்து முதலில் வருவது சோளக்காடு. சந்தை நடக்கும் நாளில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்து கிடக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செம்மேடு. பேருந்து நிலையம், சாப்பாட்டுக் கடை, அரசு மருத்துவமனை எல்லாம் செம்மேட்டில்தான், அதனால் தங்குவதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் பள்ளத்தில் இறங்கினால் போய்விடும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் நாள்: தார்ச்சாலையிலேயே

செம்மேட்டிலிருந்து வாசலூர்பட்டி படகுத்துறை வரை போய் வாருங்கள். பெரிய தூரம் இல்லை. உடம்புக்கு ஏற்ற இறக்கம் பழக, கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்க அது போதும். காலையிலேயே முடித்துவிட்டால் மாலையில் சேளூர் நாடு காட்சிமுனை.

அறப்பளீஸ்வரர் கோயில் சாலை அதைவிட நீளம், முதல் நாளில் தெம்பு மிச்சம் இருந்தால் மட்டும். கோயிலை நெருங்க நெருங்க இறக்கம் அதிகம், அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வரும்போது அதே இறக்கம் ஏற்றமாக நிற்கும் என்பது மறந்துவிடும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஏறி வந்த பிறகு தொடை நடுங்கும், அதோடு சைக்கிள் மிதிப்பது கொடுமை. அருவியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். குளித்தே ஆக வேண்டும் என்றால் மாசிலா அருவி சுலபம், இத்தனை படிகள் இல்லை.

இரண்டாம் நாள்: மண்பாதை

மண்பாதைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, நானும் இந்த ஊர் அந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் போன வருடம் மண்ணாக இருந்தது இந்த வருடம் சிமெண்டாகியிருக்கும். கண்டுபிடிக்கும் முறை இதுதான். முந்தின நாள் இரவு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தார்ச்சாலையில் உள்ள இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நடுவே மெல்லிய செம்மண் கோடு ஒன்று வீடுகளையும் தோட்டங்களையும் தொட்டபடி போகிறதா என்று பாருங்கள். போனால் அது ஊர்க்காரர்கள் நடக்கும், பைக் ஓட்டும் பாதை, நீங்களும் போகலாம். கோடு வீடே இல்லாத பச்சைக்குள் நுழைந்து காணாமல் போனால் அது காடு, அந்தப் பக்கம் வேண்டாம். காலையில் முதல் ஊரில் டீக்கடையில் நின்று, "அண்ணா, இந்த வழியா சைக்கிள்ல போனா அந்த ஊருக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். 'போகலாம்' என்ற பதிலோடு நிற்காமல், "பைக்கு போகுமா, நடந்துதான் போகணுமா?" என்றும் கேளுங்கள். பைக் போகும் என்றால் உங்களாலும் முடியும். நடந்துதான் என்றால் பாதி வழி சைக்கிளைத் தோளில் சுமப்பீர்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கி உயிரிழந்த பிறகு மாநிலம் முழுக்க இதில் கெடுபிடி அதிகம். பிப்ரவரியிலிருந்து மே வரை புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும், அந்த மாதங்களில் காட்டோரமாக அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் உள்ள மலை இது, விடிவதற்கு முன்னும் இருட்டின பிறகும் தோட்டப் பாதைகளில் ஓட்ட வேண்டாம்.

இனி பாதையில் கவனிக்க வேண்டியது. தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் இலை கோடையில் கொத்துக்கொத்தாகக் கொட்டும். மேலே சாம்பல் நிறம், அடியில் வெள்ளி நிறம், ஒரு சாண் உயரம்கூடக் குவிந்திருக்கும். பார்க்க மெத்தை. அடியில் கல்லும் வேரும் இருக்கும், காய்ந்த இலை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால் அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இலைமேல் போகும்போது பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் தொடாமல் நேராக உருள விடுங்கள். ஓடை கடக்கும் இடத்தில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் உருண்டைக் கல்லைவிட, கரையேறும் இடத்தில் இருக்கும் ஈரக்களிதான் சறுக்கும். சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான்.

பள்ளங்களில் நெல் வயல்கள் படிப்படியாக இருக்கும். வரப்பில் ஓட்டாதீர்கள். டயர் ஏறினால் ஓரம் உடையும், மேல் வயலின் தண்ணீர் கீழே இறங்கிவிடும், அதைத் திரும்ப அணைக்க ஒருவர் மண்வெட்டியோடு அரை நாள் நிற்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில், அதாவது ஓட்டுவதற்கு நல்ல காலம் என்று மேலே சொன்ன அதே மாதங்களில், மிளகும் காபியும் சாலையிலேயே காயும். வளைவு திரும்பினால் பாதிச் சாலை கறுப்பாகவும் பழுப்பாகவும் விரிந்திருக்கும், ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். கார்காரர்கள் ஒதுங்கிப் போவதைப் பார்த்து, சைக்கிள்தானே என்று நாம் மேலே ஏற்றிவிடக் கூடாது. டயர் கட்டைக்குள் காபிக் கொட்டை சிக்கிக்கொண்டு வரும், போதாததற்கு மிளகின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் கோலி உருண்ட மாதிரி போகும். இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். காய வைத்த அம்மா அங்கேயே எங்காவது உட்கார்ந்திருப்பார். ஒரு கும்பிடு போட்டு, "என்னம்மா, இந்த வருசம் காப்பு எப்படி?" என்று கேட்டால் பேச்சு வளரும். தோட்டத்தில் விளைந்த வாழைப்பழம் கையில் வந்தாலும் வரும்.

சில இடங்களில் பாதை ஓரமாகப் பெரிய மரங்கள் அடர்ந்து ஒரு சின்னத் தோப்பு நிற்கும், உள்ளே வேலோ சூலமோ நட்டிருக்கும். அது கோயில் காடு. உள்ளே ஓட்டக் கூடாது, செருப்போடும் போகக் கூடாது. பார்க்க ஆசை என்றால் ஊரில் பெரியவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். படம் எடுப்பதையும் கேட்டுவிட்டே எடுங்கள்.

இறங்குவது

காரவள்ளிச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். மேலிருந்து இறங்கினால் எழுபதிலிருந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். இருபது கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம். இங்கே ஆட்கள் விழுவதற்குக் காரணம் வேகம் என்பதைவிட, பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவது. டிஸ்க் சூடேறி, பேட் கருகி, நடுவழியில் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். ரிம் பிரேக் வண்டி என்றால் ரிம் சூட்டில் டியூப்பே வெடிக்கலாம்.

நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் தொடாமல் திரும்புங்கள். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, உட்பக்கக் கால் மேலே. கண் டயருக்கு முன்னால் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும், பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று டிஸ்க்கை ஆறவிடுங்கள், விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். 

பேருந்து வளைவில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கீழேயிருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவதுதான் விதி. குரங்குகள் நிறைய, நின்ற இடத்தில் பிஸ்கட்டை வெளியே எடுத்தால் பையோடு போய்விடும்.

கடைசியாக, ஏறுவது

இரண்டு, மூன்று முறை மேலே ஓட்டிய பிறகு ஏறிப் பாருங்கள். கணக்கு பயமுறுத்தாது: கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரத்தை இருபது கிலோமீட்டரில் ஏறுகிறோம், சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். எழுபது வளைவு போட்டதே சரிவைக் குறைக்கத்தான், அதனால் வளைவு அதிகம் என்பது நல்ல செய்தி. மணிக்கு ஏழு கிலோமீட்டர் போனால் மூன்று மணி நேரத்தில் சோளக்காடு.

விடியும்போது காரவள்ளியில் இருங்கள், ஒன்பது மணிக்கு மேல் கீழ்ப்பாதி வெயிலில் வேகும். முதல் பதினைந்து வளைவை மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் ஏறுங்கள், அப்போது 'இவ்வளவு மெதுவாகவா' என்று எரிச்சல் வர வேண்டும், அதுதான் சரியான வேகம். நாம் இடப்பக்கம் போவதால் இடது வளைவில் உட்பக்கம் நமக்கு வரும், அங்கே சரிவு சட்டென்று செங்குத்தாகும், முன்னாலேயே ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். வலது வளைவில் வெளிப்பக்கம் சுற்றிப் போவோம், கிட்டத்தட்ட சமமாக இருக்கும், அங்கே தண்ணீர் குடிக்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பாட்டில், கடலை மிட்டாய் நாலு.

மேலே போனதும் நனைந்த பனியனை உடனே மாற்றுங்கள், காற்று குளிர்ந்து பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே இறங்கும் திட்டம் இருந்தால் நன்றாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்த பிறகு இறங்குங்கள், களைத்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. ஊர் திரும்பியதும் பேடைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின்மேல் உள்ள தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள், முன்பேட் பெரும்பாலும் முதலில் தீர்ந்திருக்கும்.